விரல் எழுத்தில் வராது

அத்தியாயம் 14

பூங்காவனம் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து வரதன் அவளோடு பேசவில்லை.

சண்டை என்று சொல்ல முடியாது. சோறு வைத்தால் சாப்பிட்டான். குடத்தைத் தூக்கினால் முந்திக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டான். வாயை மட்டும் திறக்கவில்லை. அவள் ஏதாவது கேட்டால் தலையாட்டினான், அவ்வளவுதான்.

நடந்தது வாசகர்களுக்குத் தெரியும். ஆவடி தொழிற்சாலையில் வரதன் இரும்பில் துளை குடையும் போரிங் மெஷின் ஓட்டுகிறவன். பூங்காவனம் அதே தொழிற்சாலையின் நிர்வாகக் கட்டடத்தில் ஸ்டெனோ. அவசர வேலை ஒன்று தேங்கி நின்ற நாளில் சன்யால் என்ற வங்காளத்து அதிகாரி நேராக வரதனின் மெஷினுக்கே வந்து, ஏன் நிற்கிறது என்று கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. வரதன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பதில் சொன்னான். அன்று சாயங்காலமே அவனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

இயந்திரத்தை இயக்க மறுத்தார், மேலதிகாரியை நீரே பார்த்துக்கொள்ளும் என்று உரக்கப் பேசி அவமதித்தார், அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு வெளியேறினார் என்று சார்ஜ் ஷீட் வந்தது. ருசுவானால் வேலை போகும். குவார்ட்டர்ஸைப் பூங்காவனத்தின் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அக்கம்பக்கத்தில் ஆறுதல் சொன்னார்கள். பெண்டாட்டி பேரில் இருக்கும் வீட்டில், வெளியே அனுப்பப்பட்டவன் என்ற பேரோடு உட்கார்ந்திருக்கும் வரதனை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் துணையாகப் பேச, உடன் வேலை செய்யும் ஒருவர் வரலாம். யூனியனில் கலியமூர்த்தி வருவதாகத்தான் இருந்தது. அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்று வரதன் சாதித்துவிட வேண்டும். அந்த ஷெட்டின் சத்தத்தில் யார் காதில் என்ன விழுந்திருக்கும்? சாட்சி கிடையாது. வரதன் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கலியமூர்த்தி கழன்றுகொண்டார். வேறு ஒருவரும் முன்வரவில்லை. அப்போதுதான் பூங்காவனம் அந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

பெண்டாட்டி வக்காலத்து வாங்குகிறாள் என்று ஷெட்டில் சிரித்தார்கள். அவளுடைய பிரிவு அதிகாரி கூப்பிட்டு உட்காரவைத்து நயமாகவே சொன்னார். அதிகாரியை எதிர்த்து நிற்கிற ஸ்டெனோவை இங்கேயே வைத்திருக்க மாட்டார்கள், வட இந்தியாவில் எத்தனையோ ஊர் இருக்கிறது என்று.

இன்று அந்த விசாரணை.

காலையில் முதல் ஆளாக வந்து இறங்கியது வரதனின் அக்கா எல்லம்மா. முகப்பேர் ஹவுசிங் போர்டு பிளாட்டில் குடியிருக்கிறவள். அம்பத்தூரில் பஸ் மாறி, தூக்குச்சட்டியில் தம்பிக்குப் பிடித்த நெத்திலிக் குழம்போடு வந்து சேர்ந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பூங்காவனத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாமே, நீ பேசப் போறியாமே? ஊரே சொல்லிக்கினு கீது."

"ஆமாம் அண்ணி."

"பட்ச்ச திமிரா?"

எல்லம்மாவின் கோபம் தன் மேல் இல்லை, பயத்தில் வந்தது என்று பூங்காவனத்துக்குத் தெரியும். சின்ன வயதில் தாயில்லாமல் போன தம்பியைத் தூக்கி வளர்த்தவள். கரும்புக் கொல்லையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் முதன்முதலாக அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் இவன்தான்.

படித்த திமிர் என்று எல்லம்மா சொன்னதில் ஒரு முள் இருந்தது. பூங்காவனம் தபால் வழியில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயிலேறிப் பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் வகுப்புக்குப் போவாள். இந்த வருஷம் ஒரு பாடம். பேசுகிற இங்கிலீஷும் எழுதுகிற இங்கிலீஷும் இடத்துக்கு இடம் எப்படி நடந்துகொள்கின்றன என்பது. பேராசிரியர் இராமகிருஷ்ணன் முதல் நாளே ஒன்று சொல்லியிருந்தார். யாராவது இங்கிலீஷ் பேசினால் அதில் தப்புத் தேடாதீர்கள், யார் யாரிடம் எங்கே நின்று பேசினார்கள் என்று பாருங்கள்.

அந்தப் பாடம் அவளுக்குப் புதிதாகவே தோன்றவில்லை. ஸ்டெனோ வேலையே அதுதானே. அதிகாரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அரை வாக்கியம் சொல்வார், கையை வீசுவார், 'அந்த ஆளிடம் அதைச் சொல்லிவிடு' என்பார். மத்தியானத்துக்குள் அது நாலு பத்திக் கடிதமாகி, எந்த ஆள், எது, எப்போது என்ற விவரத்தோடு கையெழுத்துக்குப் போகும். விடுபட்டதை நிரப்பித்தான் பேச்சு எழுத்தாகிறது. நிரப்புகிறவள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து திரும்பி வரும்போது, வில்லிவாக்கம் தாண்டியதும் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. வரதன் சொன்ன வாக்கியத்தில் ஆள் இல்லை. 'நாட் ரன்னிங், சார்' என்றுதான் அவன் சொன்னான். ஓடவில்லை. எது ஓடவில்லை? அதை அவன் சொல்லவில்லை. காகிதத்தில் எழுதினவர் அங்கே ஓர் ஆளைப் போட்டு நிரப்பியிருக்கிறார்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து அதை அவனிடம் சொன்னாள். மூச்சு வாங்கச் சொன்னாள். தன் பாடத்தில் இதே மாதிரி உதாரணம் வருகிறது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். வரதனின் முகம் சுருங்கியது.

"நா உனுக்குப் பாடமா?" என்றான்.

மறுநாள் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததும் அந்தப் பேச்சும் நின்றுபோனது.

இப்போது அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நிலைப்படியில் நின்றான். எல்லம்மா அவன் காலரைச் சரி செய்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். கலியமூர்த்தி சொன்னதுதான் புத்தி, எதுவும் சொல்லவில்லை என்று ஒரே சாதிப்பாகச் சாதித்துவிடு, பெரிய இடத்தில் உண்மை பேசி உருப்பட்டவன் யார் என்றாள்.

வரதன் அக்காவைப் பார்த்தான். பிறகு, பல நாளைக்குப் பிறகு, பூங்காவனத்தைப் பார்த்தான்.

"நீ இன்னா சொல்ற?"

அந்த மூணு வார்த்தைக்கே அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சொன்னதச் சொன்னேன்னு சொல்லுங்க. நீங்க சொன்னதுல எந்தத் தப்பும் இல்ல. அவங்க எழுதிக்கிட்டதுலதான் இருக்கு. நீங்க இல்லன்னு சொல்லிட்டா, அப்புறம் அத நான் எப்படி எடுத்துக் காட்டறது?"

வரதன் முன்னால் நடந்தான். என்ன முடிவு செய்திருக்கிறான் என்று தொழிற்சாலை வாசல் வரை அவளுக்குத் தெரியவில்லை.

விசாரணை நடந்தது பழைய கான்பரன்ஸ் அறையில். விசாரணை அதிகாரி அய்யாசாமி வேறு ஊரிலிருந்து வந்திருந்தார். மெலிந்த மனிதர், கழுத்தில் மப்ளர். தமிழர்தான், ஆனால் நடவடிக்கை முழுக்க இங்கிலீஷில் இருக்கும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். வரதன் வேண்டுமானால் தமிழில் பேசலாம், அவரே இங்கிலீஷாக்கி டைப் அடிக்கச் சொல்வார். மூலையில் டைப்ரைட்டரோடு தங்கவேல் உட்கார்ந்திருந்தார். பூங்காவனத்தின் பிரிவில் மூத்தவர். தெரிந்தவளைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

எதிர் நாற்காலியில் சன்யால். அவரைப் பார்த்ததும் பூங்காவனத்துக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. கொடுமைக்காரராக ஒரு முகத்தை அவள் மனதில் வரைந்து வைத்திருந்தாள். இவர் தூக்கம் கெட்டவராக, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறவராக இருந்தார்.

முதலில் அவளைப் பேசச் சொன்னார்கள். எழுந்தாள். வாரக்கணக்காகத் தயாரித்திருந்த உரை அது. பேச்சு மொழியில் எழுவாய் மறைந்து நிற்பதைப் பற்றியும், சூழலே அதை நிரப்புகிறது என்பதைப் பற்றியும், இலக்கண சுத்தமான இங்கிலீஷில், பெரிய பெரிய வார்த்தைகளில் தொடங்கினாள். தன் குரல் யாரோ ரேடியோவில் செய்தி வாசிப்பது போல் தனக்கே கேட்டது. சன்யால் கண்ணாடியைக் கழற்றினார். தங்கவேலின் டைப்ரைட்டர் எதை அடிப்பது என்று தெரியாமல் நின்றது.

அய்யாசாமி கையை உயர்த்தினார்.

"அம்மா, இது வகுப்பறை இல்லை. இந்த ஊழியர் இந்த வார்த்தைகளைச் சொன்னாரா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்."

பூங்காவனம் உட்கார்ந்தாள். காது மடல் சுட்டது. பேசுவதற்கு வந்த இடத்தில் எழுதியதை வாசித்தேனே என்று நினைத்தாள். ஒரு வருஷமாக எதைப் படிக்கிறாளோ அதையே மறந்திருந்தாள். பக்கத்தில் வரதன் அசையாமல் இருந்தான். இந்தத் தலைகுனிவை எதிர்பார்த்துத்தான் அவன் இத்தனை நாள் பேசாமல் இருந்தானோ என்று அவளுக்குத் தோன்றியது.

அய்யாசாமி வரதன் பக்கம் திரும்பினார். சார்ஜ் ஷீட்டில் சன்யால் எழுதியிருந்த அந்த இங்கிலீஷ் வார்த்தைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். 'நாட் ரன்னிங், சார். யூ ஒன்லி ஸீ.' அதன் பிறகு, போகும்போது, 'கமிங், சார்.'

"இதையெல்லாம் நீ சொன்னாயா?"

பூங்காவனம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இல்லை' என்ற ஒரு வார்த்தையில் அவன் தப்பித்துக்கொள்ளலாம். தப்பித்துக்கொண்டால் அவள் குறை சொல்ல மாட்டாள். அந்த நிமிஷத்தில் அதையும் நிச்சயமாக உணர்ந்தாள்.

"சொன்னேன் சார்," என்றான் வரதன்.

அய்யாசாமி அதை இங்கிலீஷாக்கியதும் சன்யால் நிமிர்ந்தார். இல்லை என்ற பதிலுக்குத் தயாராக வந்தவர் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"மூன்றையும்?"

"மூணும் நா சொன்னதுதான்."

டைப்ரைட்டர் தடதடத்தது. இனி மறைக்க எதுவும் இல்லை என்றானதும் பூங்காவனத்துக்கு ஏனோ பயம் விட்டுப்போயிற்று. கேள்வி கேட்கலாமா என்றாள். கேட்கலாம் என்றார் அய்யாசாமி. இந்த முறை அவள் கையில் காகிதம் இல்லை. சன்யாலைப் பார்த்து, ஆபீஸ் வராந்தாவில் பேசுகிற இங்கிலீஷிலேயே கேட்டாள்.

அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டாள். மெஷினுக்கு இடது பக்கம் என்றார். வரதன் எங்கே நின்றார்? எதிரில். பக்கத்து மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தனவா? ஓடின. நீங்கள் கேட்டது அவருக்குக் கேட்டதா? சன்யால் சற்று யோசித்தார். முதல் தடவை கேட்கவில்லை, தானும் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது என்று ஒப்புக்கொண்டார்.

"பதில் சொல்லும்போது அவர் உங்களைப் பார்த்தாரா, சார்?"

சன்யால் உடனே பதில் சொல்லவில்லை. நேர்மையான ஆள்தான் என்று பூங்காவனம் நினைத்தாள். உடனே 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லை," என்றார். "வேறு பக்கம் பார்த்தார். அதுவும் மரியாதைக் குறைவாகத்தான் எனக்குப் பட்டது."

அய்யாசாமிக்குப் பொறுமை குறைந்துகொண்டிருந்தது. வரதன் பக்கம் திரும்பித் தமிழிலேயே, "அன்னிக்கு எப்படிச் சொன்னியோ அப்படியே சொல்லிக் காட்டுப்பா," என்றார்.

வரதன் எழுந்தான். அறையைச் சுற்றிப் பார்த்தான். மேஜையை மெஷினாக நினைத்துக்கொண்டு அதன் ஓரத்தில் போய் நின்றான். திடீரென்று, ஷெட்டில் கத்துகிற அதே குரலில், கண்ணாடி ஜன்னல் அதிரக் கத்தினான்.

"நாட் ரன்னிங், சார்! யூ ஒன்லி ஸீ!"

அவன் கை நீண்டு, ஆள்காட்டி விரல் மேஜையின் நடுவில் குத்தி நின்றது. கண்ணும் அங்கேதான் இருந்தது. சன்யாலை அவன் பார்க்கவே இல்லை.

தங்கவேல் அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு வார்த்தை அடித்தவர் நின்றுவிட்டார். வரதனின் விரலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு மெல்ல அய்யாசாமியிடம் கேட்டார்.

"சார், கைய இப்படிக் காட்டறாரே, இத இன்னான்னு அடிக்கறது?"

அய்யாசாமி தாளை எட்டிப் பார்த்தார். "மெஷின் ஓடவில்லை என்று அடியுங்கள்," என்று தொடங்கி, தாமே நிறுத்திக்கொண்டார். "இல்லை, மெஷின் என்று அவர் சொல்லவில்லையே."

"அப்ப 'நான் ஓட்ட மாட்டேன்'னு அடிக்கட்டுமா சார்?"

"'நான்' என்றும் சொல்லவில்லை."

பூங்காவனம் ஒரு வருஷம் படித்ததெல்லாம் அந்தத் தாளில் பாதி அடித்த வரியாக டைப்ரைட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவோம் என்று தெரிந்து இரண்டு உதட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

அய்யாசாமிதான் கேட்டார், தமிழில்: "எதுப்பா ஓடலை?"

"மெஷின்தான் சார். அதோட தல சூடாயிப் பொகஞ்சுகினு இருந்துச்சு. அத்தோட ஓட்டினா மாட்டி வெச்ச ஜாப் வீணாப் பூடும். அதான், ஓடல சார், நீங்களே பாருங்கன்னேன்."

'நீங்களே' என்பதுதான் அந்த 'ஒன்லி' என்று பூங்காவனம் சன்யாலுக்கு இங்கிலீஷில் விளக்கினாள். அதை வெறும் இங்கிலீஷாகக் கேட்டால், நீ மட்டும் பார், என் வேலை இல்லை என்றுதான் காதில் விழும். அவர் காதில் விழுந்ததும் பொய் இல்லை. இவர் சொன்னதும் பொய் இல்லை.

சன்யால் கண்ணாடியைத் துடைத்தார். அந்த நாளை மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. விரலைக் காட்டியது உண்மைதான் என்றார். என்னைப் போகச் சொல்லிக் காட்டுகிறான் என்று நினைத்தேன் என்றார். சத்தம் தாங்க முடியவில்லை, அன்று தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று முறை போன் வந்திருந்தது என்று, யாரும் கேட்காமலே சொன்னார்.

ஆனால் அவர் முழுக்க விட்டுக்கொடுத்துவிடவில்லை. அவர் குரல் மறுபடி இறுகியது.

"சரி. கடைசியில் 'கமிங்' என்றானே? வருகிறேன் என்று சொல்லிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனான். வரவே இல்லை. அது கேலி இல்லாமல் வேறென்ன?"

வரதன் ரிப்பேர் ஆளைக் கூட்டிவரப் போயிருந்தான். அடுத்த ஷெட், அதற்கடுத்த ஷெட் என்று தேடி அலைந்துவிட்டு அவன் திரும்பி வந்தபோது சன்யால் இல்லை, செக்யூரிட்டி ஆள் நின்றுகொண்டிருந்தார். அதை அவன் தமிழில் சொல்ல, அய்யாசாமி இங்கிலீஷாக்கினார். சன்யால் தலையை ஆட்டினார். போவது வேறு விஷயம், போகிறவன் எதற்காக வருகிறேன் என்கிறான் என்று மறுபடி கேட்டார்.

பூங்காவனம் இலக்கணத்தைத் தேடவில்லை. மனதில் பட்டதைத் தனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னாள்.

"எங்க வீட்டில் யாரும் போறேன்னு சொல்லிட்டுப் படி இறங்க மாட்டாங்க சார். சொன்னா கெட்டது. கடைக்குப் போனாலும், ஊருக்குப் போனாலும் வரேன்னுதான் சொல்லணும். பெரியவங்ககிட்டே கட்டாயம் அப்படித்தான். அவர் உங்களுக்கு மரியாதை கொடுத்துட்டுத்தான் போனார்."

சன்யால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த இறுக்கம் எங்கோ போய்க்கொண்டிருந்தது. அவர் கல்கத்தாவிலிருந்து வந்து சில வருஷம் இருக்கும். குடும்பம் அங்கேயே இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"ஆஷி," என்றார் மெதுவாக.

அய்யாசாமிக்கு விளங்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

"எங்கள் மொழியில். வீட்டை விட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று சொன்னால் அம்மா திட்டுவாள். ஆஷி என்று சொல் என்பாள். வருகிறேன் என்று அர்த்தம்." கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டே, "இந்தத் தடவை கிளம்பும்போதும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன்," என்றார்.

அறையில் இருந்த எல்லோருக்கும் ஏதோ போலிருந்தது. தங்கவேல் டைப் அடிக்கக் கையை வைத்தவர், இதை அடிக்க வேண்டியதில்லை என்று தாமாகவே எடுத்துக்கொண்டார்.

மேற்கொண்டு நடந்தது சுருக்கமாக முடிந்தது. தாம் எழுதிய அறிக்கையில் இயக்க மறுத்தார் என்பது தாம் செய்துகொண்ட ஊகம் என்றும், ஊழியர் இயந்திரத்தைச் சுட்டிக்காட்டியது உண்மை என்றும் சன்யால் சொல்லி, அது பதிவாயிற்று. அய்யாசாமி கோப்பைக் கட்டினார். அறிக்கை மேலே போக வேண்டும், உத்தரவு வரும்வரை சஸ்பென்ஷன் அப்படியேதான் இருக்கும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் கிளம்பும்போது வரதன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "மெஷினை ரிப்பேர் பண்ணாங்களா இல்லையாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்படி அவர் கேட்டதே பாதி உத்தரவு மாதிரி இருந்தது.

வரதன் முன்னால் வெளியே போய்விட்டான். பூங்காவனம் நாற்காலியைத் தள்ளிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். அங்கே பெஞ்சில் சன்யால் காலை வைத்துக் குனிந்து ஷூ கயிறைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் தாண்டிப் போகும்போது, நிமிராமலே ஒரு வாக்கியம் சொன்னார்.

"ஸீ மீ டுமாரோ, மிஸஸ் வரதன்."

அவள் எஸ் சார் என்றாள். அவர் அந்தப் பக்கமாக நடந்து போய்விட்டார்.

வீடு வந்து சேர்கிற வரைக்கும் வரதன் பேசவில்லை. பேசாமல் வருவதற்கும் பேசாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பழையபடி நாலு அடி முன்னால் போகாமல் அவளோடு சேர்ந்து நடந்தான். எதிரே பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கூட்டத்தில் அவள் ஒதுங்க இடமில்லாமல் நின்றபோது, தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினான்.

வீட்டுக்குள் நுழைந்ததும்தான் மடை திறந்தது. எல்லம்மா கேட்பதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டான். அய்யாசாமியின் மப்ளரை நடித்துக் காட்டினான். தங்கவேல் டைப்ரைட்டரும் கையுமாக முழித்ததைக் காட்டினான். நடுக்கூடத்தில் நின்று அந்த வாக்கியத்தை அதே குரலில் கத்த, பக்கத்து வீட்டு ஜமீலா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். இத்தனை நாளாக அந்த வீட்டில் அந்தக் குரல் இல்லை என்பது பூங்காவனத்துக்கு அது திரும்பி வந்தபோதுதான் முழுசாக உறைத்தது.

நடித்து முடித்தவன் தண்ணீர் குடித்தான். சொம்பைக் கீழே வைக்காமலே சொன்னான்.

"பூங்காவனம், உன் காலேஜ்ல இத எய்தணும்னா எய்திக்க. பேரும் போட்டுக்க."

"உங்க பேரயா?"

"பின்ன, எவன் பேர? நாந்தான சொன்னேன்?"

எல்லம்மா குழம்பைச் சூடாக்க எழுந்தாள். போகிற போக்கில் பூங்காவனத்தின் தலையில் கை வைத்து ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள். திமிர் என்று காலையில் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவளுக்கு வேறு வழி தெரியாது.

சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் பூங்காவனம் சன்யால் சொன்னதைச் சொன்னாள். பிரிவு அதிகாரி எச்சரித்ததை அவள் இதுவரை இவர்களிடம் சொன்னதில்லை. இப்போது அதையும் சொன்னாள். வட இந்தியா என்றதும் எல்லம்மாவின் கை கரண்டியோடு நின்றது.

"நாளிக்கு வந்து பாருன்னு எப்பிடிச் சொன்னான்? சிரிச்சிக்கினு சொன்னானா, மொறச்சிக்கினு சொன்னானா?"

"குனிஞ்சி ஷூ கயிறு கட்டிக்கிட்டே சொன்னாரு அண்ணி. மூஞ்சியே தெரியல."

"கொரலு?"

"குனிஞ்சா எல்லாக் கொரலும் ஒரே மாதிரிதான் வருது."

இத்தனை படித்தும் மூன்றே மூன்று வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் உட்கார்ந்திருப்பதை நினைக்க அவளுக்கே சிரிப்பு வந்தது. கூப்பிட்டுப் பாராட்டவும் இப்படித்தான் சொல்வார்கள். கையில் மாற்றல் உத்தரவைக் கொடுக்கவும் இப்படித்தான் சொல்வார்கள். அவர் அம்மாவைப் பற்றிச் சொன்ன அதே வாயா, அறிக்கையைத் திருத்த வேண்டி வந்த அதிகாரியின் வாயா, எது அந்த நேரத்தில் பேசியது?

வரதன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

"அந்த ஆளு கெட்டவன் கிடையாது," என்றான். "ஆனா ஆபீசரு."

பிறகு அவள் தட்டைப் பார்த்தான். பாதிச் சோறு அப்படியே இருந்தது. அக்காவின் கையிலிருந்து கரண்டியை வாங்கி, நெத்திலியாகப் பார்த்து அரித்து அவள் தட்டில் போட்டான்.

"துன்னு. எந்த ஊருக்கு மாத்தினாலும் அங்கயும் ஷெட்டு இருக்கும், மெஷின் இருக்கும். எனுக்கு இந்தி வராது, அவ்ளோதான். நீ சொல்லிக் குடு."

பூங்காவனம் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள்.